மிட்ரல் ஸ்டெனோசிஸ்: 2டி-யில் 1.6, 3டி-யில் 1.1. ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் போடுவது?

எக்கோ_அறை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ருமாட்டிக் மிட்ரல் ஸ்டெனோசிஸ் (ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கிய நிலை) கேஸ் ஒன்றில் வால்வுத் திறப்பின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

பெண், வயது 36, உயரம் 154 செ.மீ., எடை 46 கிலோ. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஏஎஃப் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ஒழுங்கற்ற துடிப்பு), இதயத் துடிப்பு ரேட் 95-லிருந்து 100. மிட்ரல் லீக் லேசாக; அயோர்ட்டிக் லீக் மிதமாக இருக்கிறது.

2டி ப்ளானிமெட்ரி (படத்தில் திறப்பின் விளிம்பை வரைந்து ஏரியா எடுப்பது), பாராஸ்டெர்னல் ஷார்ட் ஆக்ஸிஸில் (மார்பெலும்பின் ஓரத்திலிருந்து எடுக்கும் குறுக்குவெட்டு): 1.6 ச.செ.மீ.
பிரஷர் ஹாஃப் டைம் (வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம் பாதியாக இறங்க எடுக்கும் நேரம்) 155 மில்லிசெகண்ட். 220-ஐ அதனால் வகுத்தால் 1.4.
சராசரி கிரேடியன்ட் (அந்த அழுத்த வித்தியாசம்) 7 மி.மீ. பாதரசம். நுரையீரல் தமனி சிஸ்டாலிக் பிரஷர் 52.
3டி: மார்பு வழியாக எடுத்த ஜூம் வால்யூமில் (வால்வை மட்டும் நெருக்கமாக எடுத்த 3டி பதிவு) எம்பிஆர் (அந்தப் பதிவை வேண்டிய தளங்களில் வெட்டிப் பார்ப்பது) செய்து அளந்தது 1.1. அதே டேட்டாசெட்டில் இன்னொருவர் அளந்தபோது 1.4.

1.5 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்தான் பலூனால் வால்வைத் திறப்பதா என்ற முடிவே இருக்கிறது. 3டி ஏன் இவ்வளவு குறைத்துக் காட்டுகிறது? ஒரே வால்யூமில் இரண்டு பேருக்கு 0.3 வித்தியாசம் எப்படி வருகிறது? எதை எழுதுவது? டிஇஇ (உணவுக்குழாய் வழி எக்கோ) செய்துதான் ஆக வேண்டுமா? எம்பிஆர் செய்யும் வரிசையையும் யாராவது விளக்கமாகச் சொன்னால் நல்லது.

—

வால்வு_வாசகர்:

3டி குறைத்துக் காட்டவில்லை. மற்ற இரண்டும் கூட்டிக் காட்டுகின்றன. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

ஹாஃப் டைமை இந்தக் கேஸில் ஓரமாக வையுங்கள். மிதமான அயோர்ட்டிக் லீக் இருந்தால் எல்வி (இடது கீழறை) இரண்டு பக்கமிருந்தும் நிரம்புகிறது. எல்வி-யின் டயஸ்டாலிக் (இதயம் தளர்ந்து நிரம்பும் நேர) பிரஷர் சீக்கிரம் ஏறிவிடும், இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள கிரேடியன்ட் சீக்கிரம் இறங்கிவிடும், ஹாஃப் டைம் சுருங்கிவிடும். வால்வு அப்படியேதான் இருக்கிறது, கணக்கில் மட்டும் ஏரியா பெரிதாகிறது. 220 என்பது ஏட்ரியமும் (மேலறை) வென்ட்ரிக்கிளும் (கீழறை) ஓரளவு இயல்பான கம்ப்ளையன்ஸோடு (விரிந்துகொடுக்கும் தன்மையோடு) இருக்கும் என்று எடுத்துக்கொண்ட எண். அந்த அனுமானம் இங்கே நிற்காது.

அடுத்து 2டி. ருமாட்டிக் மிட்ரல் வால்வு ஒரு புனல். மேலே ஆனுலஸ் (வால்வின் வளையம்) பக்கம் அகலம், கீழே லீஃப்லெட் (வால்வின் இதழ்) நுனியில்தான் உண்மையான இடுக்கு. ஷார்ட் ஆக்ஸிஸில் ப்ரோபைச் சாய்த்துக்கொண்டே போகும்போது நுனியைத் தொட்டோமா, அதற்கு 4 மி.மீ. மேலே நின்றுவிட்டோமா என்பதைக் காட்டும் அடையாளம் எதுவும் அந்தப் படத்தில் இல்லை. மீன்வாய் போன்ற திறப்பு இரண்டு இடத்திலுமே அழகாகத் தெரியும். போதாக்குறைக்கு, இந்த நோயாளிகளுக்கு எல்ஏ (இடது மேலறை) பெரிதாகி வால்வின் அச்சே திரும்பியிருக்கும். பாராஸ்டெர்னல் ஜன்னலிலிருந்து (ப்ரோப் வைக்கும் இடம்) வரும் வெட்டு சாய்வாக விழும். வட்டக் குழாயைச் சாய்வாக வெட்டினால் நீள்வட்டம்தானே வரும்? மேலே வெட்டினாலும் சாய்வாக வெட்டினாலும் தவறு ஒரே திசையில்தான், ஏரியா கூடும். 2டி எண் 3டி-யைவிடப் பெரிதாக வருவது இதனால்தான்.

3டி-யின் பலம் ஒன்றே ஒன்று: வெட்டும் தளத்தை எங்கே வைக்கிறோம் என்பதை இரண்டு நீளவாக்குப் படங்களில் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டே வைக்கலாம். 2004-இல் ஸ்பெயினில் சமோரானோ குழு இதை கேத்லேபின் (இதயத்துக்குள் குழாய் விட்டு அளக்கும் அறை) கோர்லின் கணக்கோடு (அழுத்தத்தையும் ரத்த ஓட்டத்தையும் வைத்து ஏரியா கணிப்பது) ஒப்பிட்டபோது, எக்கோ முறைகளில் 3டி-தான் அதற்கு மிக நெருக்கமாக நின்றது. ஆனால் தளத்தை வைப்பது நம் கை. தவறான இடத்தில் வைத்தால் 3டி-யும் 2டி செய்யும் அதே தவறைத்தான் செய்யும். உங்கள் 1.1-க்கும் 1.4-க்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

எம்பிஆர் வரிசை:

முதலில் ஃப்ரேம். இசிஜி-யைப் பார்த்து மிட்-டயஸ்டோல் (இதயம் நிரம்பும் நேரத்தின் நடு). லீஃப்லெட்கள் நன்றாகத் திறந்து நிற்கும் வால்யூமுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஃப்ரேம் நகர்த்திப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பிறகு குறுக்குக்கோடுகளின் மையத்தைத் திறப்பின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள், முதல் ஜன்னலிலும் இரண்டாவது ஜன்னலிலும் (திரையிலுள்ள இரண்டு நீளவாக்குப் படங்கள்). ஒரு ஜன்னலில் சரிசெய்தால் மற்றதில் நகர்ந்துவிடும். இரண்டுக்கும் மாறி மாறிப் போக வேண்டியிருக்கும். முதல் ஜன்னலில் ஆன்டீரியர் (முன்) லீஃப்லெட்டும் போஸ்டீரியர் (பின்) லீஃப்லெட்டும் எதிரெதிராகத் தெரிய வேண்டும். அதற்குச் செங்குத்தான இரண்டாவது ஜன்னல் ஒரு கமிஷரிலிருந்து (லீஃப்லெட்கள் சந்திக்கும் மூலை) மறு கமிஷர் வரை ஓட வேண்டும்.

இப்போது மூன்றாவது தளம். அதன் கோட்டை இரண்டு ஜன்னல்களிலும் புனலின் அச்சுக்குச் செங்குத்தாகச் சாய்த்து லீஃப்லெட் நுனியில் வையுங்கள். பலர் முதல் ஜன்னலில் மட்டும் சாய்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது ஜன்னலில் கோடு 20 டிகிரி சாய்ந்து கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அங்கேயே ட்ரேஸ் செய்துவிடாதீர்கள். தளத்தை எல்வி பக்கமாகத் திறப்பின் விளிம்பு உடையும் வரை இறக்குங்கள். பிறகு எல்ஏ பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சுற்றிலும் மூடிய விளிம்பு முதலில் எங்கே கிடைக்கிறதோ அதுதான் இடம். அதற்கும் மேலே ஏறினால் ஏரியா கூடிக்கொண்டே போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ட்ரேஸ் உள் விளிம்பில், கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில். கமிஷர் சற்றுத் திறந்திருந்தால் அந்த மூலையையும் சேர்த்து.

ரெண்டர் செய்த 3டி படத்தின் மேலேயே கோடு வரைந்து ஏரியா எடுக்கும் வசதி சில மெஷின்களில் உண்டு. பார்வைக் கோணம் சற்று மாறினாலே எண் மாறும். முடிவெடுக்கும் அளவுக்கு எம்பிஆர்தான்.

—

ப்ரோப்_பிடிப்பவர்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா வால்யூமே சரியா எடுக்கலைன்னா எம்பிஆர் என்ன செய்யும்? பாதிப் பிரச்சினை படம் எடுக்கும்போதே வந்துடுது.

கெயினை (வர்ற சிக்னலை மெஷின் எவ்வளவு பெருக்குதுங்கிற அளவு) முதல்ல பாருங்க. கெயின் கூடினா லீஃப்லெட் தடிச்சு, திறப்பு சின்னதாகும்; 1.4 இருக்கிறது 1.1-ஆ தெரியும். குறைஞ்சா லீஃப்லெட்டோட மெல்லிசான பகுதி காணாமப்போய், மூடியிருக்கிற கமிஷர் திறந்த மாதிரி தெரியும். அதனால 3டி-யில சின்னதா வந்துட்டாலே சரியா இருக்கும்னு நம்பாதீங்க. எல்ஏ ரத்தத்துல லேசா புள்ளி தெரியுற அளவுக்கு ஏத்திட்டு, அந்தப் புள்ளி மறையுற இடம் வரைக்கும் மெதுவா இறக்குங்க, அங்கேயே நிறுத்துங்க. எடுக்கும்போது கெயின் குறைவா எடுத்துட்டா பின்னாடி ஏத்தி மீட்க முடியாது. கொஞ்சம் கூடுதலா எடுத்தா பின்னாடி குறைக்கலாம். இரண்டு பேரும் ஒரே டேட்டாசெட்டை வேற வேற கெயின்ல, வேற கம்ப்ரஷன்ல திறந்து அளந்தாங்களான்னும் கேட்டுப் பாருங்க. 0.3 வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ரெண்டாவது, வால்யூம் ரேட் (நொடிக்கு எத்தனை 3டி படம்). இதயத் துடிப்பு 100-ன்னா ஒரு பீட் 600 மில்லிசெகண்ட், அதுல டயஸ்டோல் சுமார் 300. ஜூம் 8 ஹெர்ட்ஸ்ல ஓடினா 125 மில்லிசெகண்டுக்கு ஒரு வால்யூம். அந்த டயஸ்டோல் முழுக்க உங்களுக்குக் கிடைக்கிறது ரெண்டு, மிஞ்சினா மூணு. வால்வு நல்லா திறக்கிற நொடி அந்த ரெண்டுக்கும் நடுவுல போயிருக்கலாம். 25 ஹெர்ட்ஸ்ல எடுத்தா 40 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு, ஏழெட்டு கிடைக்கும். பாக்ஸை வால்வு அளவுக்கு இறுக்குங்க, ஆழத்தைக் குறைங்க, லைன் டென்சிட்டியை ஒரு படி இறக்குங்க.

மூணாவது, ஜன்னல். அப்பிக்கல்ல (இதய நுனிப் பக்கத்து ஜன்னல்) வால்வு முழுசா அழகா உட்காரும், ஆனா திறப்போட தளம் பீமுக்கு (ஒலி அலை போற திசைக்கு) குறுக்கா இருக்கும். அப்போ நீங்க ட்ரேஸ் பண்ற ரெண்டு அளவும் பக்கவாட்டு ரெசல்யூஷனை நம்பி நிக்குது, அது ஆழத்துல மோசம். பாராஸ்டெர்னல்ல ஆன்டீரியர், போஸ்டீரியர் நுனிகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி பீம் போற திசையிலேயே வரும். இந்த வால்வுல முக்கியமான இடைவெளியே அதுதான். பாராஸ்டெர்னல் நல்லா கிடைச்சா அங்கேயே எடுங்க.

—

எக்கோ_அறை:

மிக்க நன்றி. எங்கள் ஜூம் 9 ஹெர்ட்ஸில்தான் ஓடியிருக்கிறது. 4 பீட் சேர்த்து எடுத்தால் வால்யூம் ரேட் ஏறுகிறது, ஆனால் ஏஎஃப் என்பதால் நடுவில் கோடு விழுந்து லீஃப்லெட் ஒடிந்தது போல் தெரிகிறது. இதற்கு என்ன வழி?

—

ப்ரோப்_பிடிப்பவர்:

ஏஎஃப்-ல பல பீட் தைக்கிறதை விட்டுடுங்க. ஒவ்வொரு பீட்டும் வேற நீளம். முதல் துண்டும் நாலாவது துண்டும் ஒரே வால்வோட ஒரே நிலை இல்லை. தையல் கோடு திறப்புக்குக் குறுக்கா விழுந்தா அந்த வால்யூமை அளக்கவே அளக்காதீங்க. கோடு ஏட்ரியத்துல எங்கேயோ ஓரமா விழுந்தாலும் நுனி நகர்ந்திருக்கலாம்.

ஒரே பீட் ஜூம், இறுக்கமான பாக்ஸ், மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, அஞ்சு பீட் தனித்தனியா பதிவு. ரொம்பக் குட்டை பீட்டைத் தள்ளிட்டு மத்ததோட சராசரி. 2டி-யிலயும் டாப்ளர்லயும் ஏஎஃப்-ன்னா அஞ்சிலிருந்து பத்து பீட் பாக்கிறோம் இல்லையா, 3டி-யில மட்டும் ஒண்ணை எடுத்து எழுதிடுறாங்க. அது நியாயமே இல்லை.

முடிஞ்சா ரேட்டைக் குறைச்சுட்டு மறுபடி எடுங்க. பீட்டா பிளாக்கர் கொடுத்து 70-க்கு வந்தா டயஸ்டோல் நீளும், வால்யூம் கூடுதலா கிடைக்கும், கிரேடியன்டும் நம்புற மாதிரி இருக்கும்.

—

பலூன்_பக்கம்:

கேத்லேப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

கிரேடியன்ட் 7 என்பதால் வால்வு மிதம்தான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிரேடியன்ட் ரேட்டையும் ஃப்ளோவையும் பொறுத்து ஏறி இறங்கும். அமெரிக்க வழிகாட்டுதல்கள் 2014-லிருந்து 1.5 ச.செ.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றாலே கடுமையான சுருக்கம் என்கின்றன, 1.0 அல்லது குறைவு என்றால் மிகக் கடுமை. பழைய ரிப்போர்ட்டுகளில் 1.0-க்கும் 1.5-க்கும் நடுவில் இருப்பதை மிதம் என்று எழுதியிருப்பார்கள், அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அறிகுறி இருக்கிறது, நுரையீரல் பிரஷர் 52, ஏரியா 1.1 என்றாலும் 1.4 என்றாலும் கோட்டுக்குக் கீழேதான். இந்தப் பெண்ணுக்கு முடிவு மாறாது. அறிகுறியும் எண்ணும் பொருந்தாத கேஸில் உடற்பயிற்சி எக்கோ செய்யலாம். அப்போது சராசரி கிரேடியன்ட் 15-ஐத் தாண்டினால் அந்த வால்வைச் சாதாரணமாக விடக் கூடாது.

ஆனால் எங்களுக்கு ஏரியாவைவிட அவசரமாக வேண்டியது கமிஷர். பலூன் செய்யும் வேலை ஒட்டிப்போன கமிஷரைப் பிரிப்பது மட்டுமே. ஒட்டுதல் இல்லாமல் வெறும் தடிப்பாலும் கால்சியத்தாலும் திறப்பு சுருங்கியிருந்தால் பலூனுக்கு அங்கே வேலை இல்லை. ஊதினால் லீஃப்லெட்தான் கிழியும். வில்கின்ஸ் ஸ்கோர் (வால்வு பலூனுக்கு ஏற்றதா என்று பார்க்கும் மதிப்பெண்) 1988-இல் வந்தது, அசைவு, தடிப்பு, கால்சியம், கீழ்ப்பகுதி (லீஃப்லெட்டைத் தாங்கும் கார்டே நார்கள்) என்று நான்குக்கும் 4 வரை, மொத்தம் 16. 8 வரை நல்லது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதில் கமிஷருக்கென்று தனி இடம் கிடையாது. ஸ்கோர் 7 வாங்கிய வால்வு ஒரு கமிஷரில் கால்சியக் கட்டியோடு இருக்கலாம்.

அதை 3டி-யில் எல்வி பக்கமிருந்து நேராகப் பாருங்கள். ஆன்டிரோலேட்டரல், போஸ்டிரோமீடியல் என்ற இரண்டு கமிஷர்களையும் தனித்தனியாக எழுதுங்கள்: முழுசாக ஒட்டியிருக்கிறதா, பாதியா, கால்சியம் இருக்கிறதா. இரண்டும் கால்சியம் இல்லாமல் சமமாக ஒட்டியிருந்தால் நல்ல செய்தி. ஒரு பக்கம் கால்சியம் என்றால் பிளவு மறுபக்கம் மட்டும் போகும், சில சமயம் கமிஷரை விட்டு லீஃப்லெட்டுக்குள்ளேயே போகும். இரண்டிலும் பாறையாகக் கால்சியம் என்றால் அறுவை சிகிச்சைப் பக்கம் அனுப்புவதுதான் சரி. கால்சியம் 3டி-யில் உள்ளதைவிடப் பெரிதாகப் பூத்துத் தெரியும் என்பதால், கமிஷர் கால்சியத்தை 2டி-யிலும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

டிஇஇ பற்றி: ஏரியாவுக்காக மட்டும் என்றால், மார்பு வழியே நல்ல ஜன்னல் கிடைக்கும் ஒல்லியான நோயாளிக்கு அவசியமில்லை. பலூனுக்கு முன்பு கட்டாயம் வேண்டும், அதுவும் ஏஎஃப் என்றால் பேச்சே இல்லை. எல்ஏ அப்பெண்டேஜில் (எல்ஏ-யின் பை போன்ற நீட்சி) உறைகட்டி இருக்கிறதா என்பதற்கு மார்பு வழி எக்கோவை நம்ப முடியாது. ஒரே தளத்தில் பார்த்தால் பெக்டினேட் தசை (அதன் சுவரிலுள்ள இயல்பான தசை மடிப்பு) கட்டியாகத் தோன்றும். செங்குத்தான இரண்டு தளங்களை ஒன்றாக ஓடவிட்டுப் பாருங்கள். தசை என்றால் ஒரு தளத்திலாவது சுவரோடு தொடர்ந்து போகும். டிஇஇ-யில் ஒரு குறையும் உண்டு: ப்ரோப் எல்ஏ பக்கம் இருப்பதால் தடித்த லீஃப்லெட்டின் நிழல் கார்டே மேல் விழும். கீழ்ப்பகுதியை அங்கே மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட வேண்டாம். மார்பு வழியிலும், டிஇஇ-யில் டிரான்ஸ்கேஸ்ட்ரிக் (இரைப்பையிலிருந்து எடுக்கும்) நீளவாக்கிலும் பாருங்கள்.

உயரத்தையும் எழுதியது உதவி. இனோவே பலூன் அளவுக்கு உயரத்தை முழுப் பத்தாக்கி, பத்தால் வகுத்து 10 கூட்டுவோம். 154 என்றால் 150, ஆக 25 மி.மீ. முதல் ஊதல் அதைவிடக் குறைத்துத்தான். கீழ்ப்பகுதி மோசமாக இருந்தால் இன்னும் குறைத்து. ஒவ்வொரு ஊதலுக்குப் பிறகும் கிரேடியன்ட், லீக், கமிஷர் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மில்லிமீட்டர். ஒரு கமிஷராவது முழுசாகத் திறந்துவிட்டதா, லீக் புதிதாக வருகிறதா என்பதே நிறுத்தும் இடம். நோயாளி மேசையில் இருக்கும்போதே 3டி அதைக் காட்டிவிடும்.

இன்னொன்று. பலூன் முடிந்த கையோடு ஹாஃப் டைம் எடுத்து ஏரியா எழுதாதீர்கள். எல்ஏ பிரஷர் திடீரென்று இறங்கியிருக்கும், அறைகளின் கம்ப்ளையன்ஸ் இன்னும் அதற்குப் பழகியிருக்காது. 24-லிருந்து 72 மணி நேரம் வரை அந்தச் சூத்திரம் பொய் சொல்லும். அன்றைய எண் ப்ளானிமெட்ரியிலிருந்துதான் வர வேண்டும், முடிந்தால் 3டி. அப்போது திறப்பு நட்சத்திரம் போல் ஒழுங்கில்லாமல் இருக்கும். பிரிந்த கமிஷரின் கூர்மூலை வரை ட்ரேஸ் செய்யாமல் நடுவில் வட்டம் போட்டால், நன்றாகத் திறந்த வால்வும் 1.3 என்று வரும். 1.5-க்கு மேல் ஏரியா, மிதத்தைத் தாண்டாத லீக், இரண்டும் சேர்ந்தால் வெற்றி.

—

வால்வு_வாசகர்:

கீழ்ப்பகுதி பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கார்டேக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுருங்கிய வால்வுகளில் லீஃப்லெட் நுனிக்குக் கீழேயே இரண்டாவது இடுக்கு இருக்கலாம். நுனியில் 1.4 வரும், இன்னும் 5 மி.மீ. இறங்கினால் கார்டேக்களின் நடுவே அதைவிடச் சிறிய இடைவெளி. தளத்தை எல்வி பக்கம் இறக்கிப் பாருங்கள் என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். அங்கே கலர் டாப்ளரை ஓடவிட்டு, ஜெட் எங்கே குறுகத் தொடங்குகிறது என்று பார்த்தால் சந்தேகம் தீரும்.

—

ஓபி_டாக்டர்:

நல்ல திரி. ஒரு கேள்வி: 70 வயதுக்கு மேல், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஆனுலஸ் முழுக்கக் கால்சியம் படிந்து கிரேடியன்ட் வருகிறதே, அங்கேயும் இதே முறையில் நுனியைத் தேடலாமா?

—

வால்வு_வாசகர்:

கூடாது, டாக்டர். அது வேறு நோய். கால்சியம் ஆனுலஸில் தொடங்கி லீஃப்லெட்டின் அடிப்பகுதிக்குப் பரவுகிறது, நுனி பெரும்பாலும் அசையும், கமிஷர் ஒட்டுவதில்லை. இடுக்கு மேலே ஆனுலஸ் பக்கம். நுனியில் அளந்தால் உண்மையைவிடப் பெரிய எண் வரும். தளத்தை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்து, எங்கே குறுகலோ அங்கே வையுங்கள். கால்சிய நிழலில் விளிம்பு தொலைந்துபோனால் 3டி கலர் வைத்து ஜெட்டின் ஓரத்தை ட்ரேஸ் செய்யலாம். அதுவும் தெளிவாக இல்லையென்றால் ஏரியா எழுதாமல் விடுவதே மேல். இவர்களுக்கு எல்வி விறைப்பாக இருப்பதால் ஹாஃப் டைமும் உதவாது. ரேட்டைக் குறிப்பிட்டு சராசரி கிரேடியன்டை எழுதுங்கள். பலூனுக்கும் இங்கே இடமில்லை, பிரிக்கக் கமிஷரே இல்லையே.

எக்கோ_அறைக்கு: அந்த டேட்டாசெட்டை ஒரே கெயினில் வைத்து, இரண்டு ஜன்னல்களிலும் கோடு எங்கே நிற்கிறது என்ற ஸ்க்ரீன்ஷாட்டோடு இருவரும் மறுபடி அளந்து பாருங்கள். 9 ஹெர்ட்ஸ் என்பதால் இறுக்கமான பாக்ஸில் புதிதாக எடுப்பது இன்னும் நல்லது. ரிப்போர்ட்டில் இப்படி வரட்டும்:

"ருமாட்டிக் மிட்ரல் ஸ்டெனோசிஸ், கடுமை. ஏரியா, 3டி எம்பிஆர், மிட்-டயஸ்டோல், லீஃப்லெட் நுனி, 5 பீட் சராசரி: இவ்வளவு. சராசரி கிரேடியன்ட் 7, ரேட் 98, ஏஎஃப். அயோர்ட்டிக் லீக் மிதமாக இருப்பதால் ஹாஃப் டைம் ஏரியா சேர்க்கப்படவில்லை. ஆன்டிரோலேட்டரல் கமிஷர்: நிலை, கால்சியம். போஸ்டிரோமீடியல் கமிஷர்: நிலை, கால்சியம். கீழ்ப்பகுதி. மிட்ரல் லீக். நுரையீரல் தமனி பிரஷர் 52. எல்ஏ அளவு, அப்பெண்டேஜ் டிஇஇ-யில் பார்க்கப்பட வேண்டும்."

2டி-யின் 1.6-ஐ அதே வரியில் போட்டு சராசரி எடுக்காதீர்கள். எழுத வேண்டுமென்றால் தனியாக, வெட்டு சாய்வாக விழுந்தது என்ற குறிப்போடு.